மைதானத்தைப் பூட்டியபோது யாருக்கு மூச்சு வாங்கியது: கடலோரப் பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கொரோனா அடைப்பில் பிள்ளைகளின் உடற்தகுதி குறைந்துவிட்டது என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை, எல்லாரும் தலையாட்டிவிட்டு செல்போனைத் திட்டுவார்கள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். எந்தப் பிள்ளைக்கு, எது, எதனால் குறைந்தது என்று கேட்டால்தான் சிக்கல். எங்கள் ஊரில் ஒரே தெருவில் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பதில் கிடைத்தது. அதை எழுதி வைக்கத்தான் இது.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே வடகடல் பக்கம் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஊர்ப் பெயரும் பிள்ளைகள் பெயரும் வேண்டாம். சின்ன ஊர், ஒரு அடையாளம் சொன்னாலே வீட்டைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் "பி.டி. சார்", அது போதும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் பெரிய அடி வாங்கியது பன்னிரண்டிலிருந்து பதினாலு வயதுக்குள் இருந்த பெண் பிள்ளைகள். சோம்பேறித்தனம் காரணமில்லை, செல்போனும் பெரிய காரணமில்லை. அவர்கள் ஓடலாம் என்று ஊர் ஒத்துக்கொண்டிருந்த ஒரே இடம் பள்ளி மைதானம், அதைப் பூட்டிவிட்டோம். பையன்களுக்குக் கடற்கரை இருந்தது. வீடு பூட்டியிருந்தாலும் கடலுக்கு யாரும் பூட்டுப் போட முடியாது.

இடமும் அளவும்

மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். மேலே பாக் நீரிணை, கீழே மன்னார் வளைகுடா. எங்கள் பக்கம் கடல் ஆழமில்லாமல், பெரிய அலை இல்லாமல் கிடக்கும். நாட்டுப்படகு, கரைவலை, நண்டு வலை இதுதான் பிழைப்பு. சில வீடுகளில் அப்பா வளைகுடா நாட்டில் இருப்பார், அந்த வீடுகள் மாடி கட்டி கேட் போட்டிருக்கும். பள்ளி மைதானம் பாதி மணல், பாதி இறுகிய மண், ஓரத்தில் சீமைக்கருவேலம் முளைத்துக்கொண்டே இருக்கும், வருடா வருடம் வெட்ட வேண்டும். சுண்ணாம்பில் 200 மீட்டர் வட்டம் போட்டிருப்பேன். மூன்று சுற்று சுற்றினால் 600 மீட்டர்.

அந்த 600 மீட்டர்தான் இந்த ஆய்வின் முதுகெலும்பு. மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீடு 2019ல் பள்ளிகளுக்கு வந்தபோது நான்காம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்குச் சில சோதனைகளைச் சொன்னார்கள்: உயரமும் எடையும், 50 மீட்டர் வேக ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்து எவ்வளவு தூரம் தொட முடிகிறது என்ற சோதனை, 30 விநாடியில் எத்தனை முறை வயிற்றை மடக்கி எழ முடிகிறது என்பது, அப்புறம் தண்டால். குனிந்து தொடுவதற்கு ஒரு பெட்டி வேண்டும். படகுக்குப் பலகை அடிக்கும் ஆசாரியிடம் மிச்சப் பலகையில் செய்து வாங்கினேன், இன்னும் உறுதியாக இருக்கிறது. 2020 தொடக்கத்தில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு எடுத்த அளவு என் நோட்டில் இருந்தது. அந்த நோட்டு இல்லையென்றால் இந்தக் கட்டுரையே கிடையாது. முன்னால் எடுத்த அளவு இல்லாமல் "குறைந்துவிட்டது" என்று சொல்வது வெறும் பெருமூச்சு.

அடைப்பின் தேதிகள்

2020 மார்ச் 17ல் பள்ளிகளை மூடினார்கள். 22ஆம் தேதி மக்கள் ஊரடங்கு, 25லிருந்து நாடு முழுக்க முடக்கம். தமிழ்நாட்டில் பத்தும் பன்னிரண்டும் 2021 ஜனவரி 19ல் திறந்தன, ஒன்பதும் பதினொன்றும் பிப்ரவரி 8ல், அதுவும் ஒன்றரை மாதம் ஓடுவதற்குள் இரண்டாம் அலையில் நின்றது. அப்புறம் 2021 செப்டம்பர் 1ல் ஒன்பது முதல் பன்னிரண்டு, நவம்பர் 1ல்தான் ஒன்று முதல் எட்டு. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து மறுபடி மூடி, பிப்ரவரி 1ல் எல்லாரும் வந்தார்கள்.

இதை ஒரு பிள்ளையின் கணக்கில் பாருங்கள். 2019-20ல் ஏழாம் வகுப்பில் இருந்த பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடமே வரவில்லை, நேராக ஒன்பதில் வந்து உட்கார்ந்தது, இடையில் பதினேழு மாதத்துக்கு மேல். ஆறாவதில் இருந்த பிள்ளை எட்டாவதில் வந்தது, ஏறக்குறைய இருபது மாதம். நவம்பரில் திறந்ததும் இங்கே மைதானத்தில் விளையாடிவிட முடியாது, வடகிழக்குப் பருவமழை, பாதி நாள் மைதானம் குளம். திறந்த புதிதில் கூட்டமாக நிற்காதே, தொடாதே, பந்தைக் கொடுக்காதே என்று விதிகள் வேறு. அதற்கும் மேலே, பாடம் முடிக்க வேண்டும் என்று பி.டி. பீரியடைக் கணக்கும் அறிவியலும் பங்கு போட்டுக்கொண்டார்கள். இது கொரோனாவுக்கு முன்னாலும் நடந்ததுதான், அப்போது கொஞ்சம் கூச்சத்தோடு நடந்தது. ஆக, தேதிப்படி பள்ளி திறந்ததற்கும் பிள்ளைகள் நிஜமாக ஓட ஆரம்பித்ததற்கும் இடையில் இன்னும் சில மாதம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பிள்ளை: கபடிக்காரி

ஏழாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் நன்றாக ரெய்டு போகும் பெண். ஒல்லி, உயரம் குறைவு, ஆனால் மூச்சு நிற்காது. 600 மீட்டரை மூன்று நிமிடத்துக்குள் நடக்காமல் முடிப்பாள், முடித்துவிட்டு உட்கார மாட்டாள், அடுத்தவளுக்குக் கத்திக்கொண்டிருப்பாள். சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் அடுத்த குறுவட்டப் போட்டிக்கு அவளை நம்பித்தான் அணி.

2021 செப்டம்பரில் வந்தாள். உயரம் கூடியிருந்தது, எடையும் கூடியிருந்தது, பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருந்தாள். ஓட விட்டேன். முதல் சுற்று சரி. இரண்டாவது சுற்றின் பாதியில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். மூன்றாவது முழுக்க நடை. நான்கு நிமிடம் நெருங்கிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பன்னிரண்டு வயதில் மூன்று நிமிடத்துக்குள் ஓடிய பிள்ளை, எதுவும் நடக்காமல் வளர்ந்திருந்தால் பதினாலில் அதைவிடக் கொஞ்சமாவது வேகமாக ஓடியிருக்கும், கால் நீளம் கூடுகிறதே. அதனால் அன்று ஓடிய நேரத்தை பழைய நேரத்தோடு ஒப்பிட்டால் மட்டும் போதாது, ஓடியிருக்க வேண்டிய நேரத்தோடும் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் பள்ளம் இன்னும் ஆழம். அடைப்புக்கு முன் ஓடிய அதே நேரத்தில் ஓடி முடித்த பிள்ளைகளைப் பார்த்து "பரவாயில்லை, அப்படியே இருக்கிறார்கள்" என்று மற்ற ஆசிரியர்கள் சொன்னார்கள். அப்படியே இருப்பது அந்த வயதில் பின்னடைவுதான்.

இன்னொரு சோதனை வேறு மாதிரி வந்தது. வயிற்றை மடக்கி எழுவதில் அவள் அவ்வளவாகக் குறையவில்லை. என்னம்மா வீட்டில் செய்தாயா என்று கேட்டேன். "தண்ணி வண்டி தள்ளுனேன் சார்" என்றாள். ராமநாதபுரம் கடலோரம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலு சக்கரத் தள்ளுவண்டியில் ஓட்டை போட்ட பலகை, அதில் ஏழெட்டு பிளாஸ்டிக் குடம். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, மணல் வந்துவிட்டால் குனிந்து நெஞ்சு கொடுத்துத் தள்ள வேண்டும். அது தவிர நண்டு வலை வந்தால் வலையிலிருந்து நண்டு கழற்றுவது, மணிக்கணக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து. அவள் பதினேழு மாதமும் வேலை செய்துகொண்டேதான் இருந்தாள். கையும் வயிறும் அதனால் தப்பின. மூச்சு தப்பவில்லை, ஏனென்றால் இதயம் படபடக்க ஓடுகிற மாதிரி ஒரு நிமிடம்கூட அவளுக்கு அமையவில்லை. வேலை வேறு, ஓட்டம் வேறு. "எங்க பிள்ளைங்க வீட்டு வேலை செய்யுதுங்க, அதுவே எக்சர்சைஸ்" என்று சொல்கிற அம்மாக்களுக்கு இந்த ஒரு பிள்ளையின் அளவைத்தான் நான் காட்டுவேன்.

ஏன் ஓடவில்லை? கடற்கரை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அடைப்புக் காலத்தில்தான் அவள் பெரியவளானாள். சடங்கு நாலு பேரோடு முடிந்தது, ஊரடங்கு. அதற்கப்புறம் தெருவில் ஓடினால் பார்க்கிறவர்கள் பேசுவார்கள். பள்ளிக்கூடம் திறந்திருந்தால் கதையே வேறு: வயதுக்கு வந்த பெண்ணும் பி.டி. பீரியடில் ஓடலாம், அது பாடம், சார் சொல்கிறார், எல்லாப் பிள்ளையும் ஓடுகிறது, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு சலுகை பள்ளிச் சுவருக்குள் மட்டும் செல்லுபடியாகும்.

இரும்புச்சத்தும் ஒரு பக்கம் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். மாதவிடாய் தொடங்கும் வயதில், பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் என் மாணவிகள் பலருக்கு விட்டுப்போனது. சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள், நல்ல காரியம்தான், ஆனால் வீட்டுக்குப் போன முட்டை யார் தட்டுக்குப் போனது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் நுரையீரல் எவ்வளவு இழுத்தாலும் தசைக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொன்னேன், ரத்தம் குறைவு என்றுதான் வந்தது. ஆக அவள் ஓட்டம் குறைந்ததில் எவ்வளவு பங்கு உட்கார்ந்ததால், எவ்வளவு ரத்தசோகையால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் வந்தன.

இரண்டாவது: அவள் தம்பி

ஒரு வகுப்பு இளையவன். 2020 ஏப்ரல் 10ஆம் தேதி வாக்கில் மீன்பிடிக்கு முடக்கத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 15ஆம் தேதி வழக்கமான தடைக்காலம் தொடங்கியது, எப்போதும் 61 நாள், அந்த வருடம் கிழக்குக் கரைக்கு மே 31 வரை என்று குறைத்தார்கள். அது விசைப்படகுக்கு. நாட்டுப்படகுகள் கிடைத்த நேரத்தில் கரையோரம் போய்வந்தன. பள்ளிக்கூடம் இல்லை, பையன் வீட்டில் சும்மா இருக்கிறான், மாமா "வாடா" என்றார். முதலில் கரைவலை இழுக்க, பிறகு நண்டு வலைக்குக் கடலுக்கே.

கரைவலை இழுப்பதை ஒருமுறை நின்று பாருங்கள். வலையைக் கடலில் வளைத்துவிட்டு இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடிப்பார்கள். குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு அடி, இன்னொரு அடி, பின்னாலேயே நடப்பார்கள். கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு ஓடிப்போய் முன்னால் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடிப்பான். பையன்களுக்குக் கொடுக்கும் வேலை அந்தக் கடைசி ஆள் வேலைதான். மணிக்கணக்கில் இழுப்பதும் ஓடுவதும் மாறி மாறி வரும். எந்தப் பயிற்சியாளரும் இதைவிட நல்ல பயிற்சி எழுதிக் கொடுக்க முடியாது.

2021 நவம்பரில் எட்டாம் வகுப்பு திறந்தபோது இவன் வரவில்லை. தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களும் வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் வந்தான், அதுவும் சில வாரம் கழித்து. வந்தவனைப் பார்த்து அசந்துவிட்டேன். தோள் அகலமாகியிருந்தது, தண்டால் எடுக்கச் சொன்னால் நிறுத்து என்று நான்தான் சொல்ல வேண்டும். 600 மீட்டரும் நன்றாக ஓடினான். பெட்டி முன்னால் உட்காரச் சொன்னபோதுதான் குறை தெரிந்தது, காலை நீட்டிக் குனிந்தால் விரல் பாதத்தைத் தொடவில்லை, தொடையின் பின்தசை கம்பி மாதிரி இறுகியிருந்தது. எலும்பு வேகமாக நீளும் வயதில் தசை பின்தங்கும், அதோடு பாரம் இழுத்தால் இன்னும் இறுகும்.

உடற்தகுதி அட்டவணையில் மட்டும் பார்த்தால் இவன் கொரோனாவில் ஜெயித்தவன். ஆனால் அந்தப் பையன் முதல் பீரியடில் டெஸ்க்கில் தலை வைத்துத் தூங்குவான், இரவு மூன்று மணிக்குப் படகு. கணக்கில் கழித்தலும் பெருக்கலும் மறந்திருந்தது. 2016ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்கிறது. பள்ளி நேரமே இல்லாத இருபது மாதத்தில் அந்த வரிக்கு என்ன அர்த்தம்? நாள் முழுக்க "பள்ளி நேரத்துக்குப் பிறகு"தான். இவனுடைய தோள் அகலத்தை நல்ல செய்தியாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது: மாடி வீட்டுப் பையன்

எல்லாருக்கும் தெரிந்த கதை, அதனால் சுருக்கமாக. அப்பா சவூதியில் மாட்டிக்கொண்டார், அம்மாவுக்குப் பயம், கேட்டைப் பூட்டிவிட்டார். ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போன், எங்கள் பள்ளிக்கு ஆன்லைன் வகுப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடமும் கல்வித் தொலைக்காட்சியும்தான், மிச்ச நேரம் ஃப்ரீ ஃபயர் என்ற போன் விளையாட்டு. 2022 பிப்ரவரியில் அதை அரசு தடை செய்தபோது நான் சந்தோஷப்பட்டேன், "அதே மாதிரி மேக்ஸ்னு இன்னொன்னு இருக்கு சார்" என்று அவனே எனக்கு விளக்கினான். எடை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2 முதல் 19 வயது வரை 4,32,302 பேரின் பதிவுகளைப் பார்த்து, பெருந்தொற்றுக் காலத்தில் உடல் நிறைக் குறியீடு ஏறும் வேகம் முன்பிருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கானது என்று 2021 செப்டம்பரில் சொன்னது. இவன் அந்தக் கணக்கில் அச்சாகப் பொருந்துவான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மூன்று பேரில் சீக்கிரம் மீண்டவன் இவன்தான். கேட்டைத் திறந்தார்கள், தெருவுக்கு வந்தான், வாலிபாலில் சேர்ந்துகொண்டான், யாரும் தடுக்கவில்லை. ஒரு கோடை விடுமுறைக்குள் பாதி எடை பிரச்சினை உயரத்தில் கரைந்துவிட்டது. செல்போன் பையன்களைப் பற்றித்தான் ஊரே கவலைப்பட்டது. தண்ணீர் வண்டி தள்ளிய பெண்ணைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வெளியூரில் அளந்தவர்கள்

ஸ்லோவேனியா என்றொரு சின்ன நாடு, 1980களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் உடற்தகுதியை ஒவ்வொரு வருடமும் அளந்து வைக்கிறார்கள். 2020ல் இரண்டு மாத அடைப்பு முடிந்ததும் அளந்து பார்த்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் கஷ்டப்பட்டுச் சேர்த்த முன்னேற்றம் அந்த இரண்டு மாதத்தில் போய்விட்டது என்று எழுதினார்கள். ஆஸ்திரியாவில் 7 முதல் 10 வயதுள்ள 764 பிள்ளைகளை 2019 செப்டம்பரிலும் 2020ல் இரண்டு முறையும் அளந்தார்கள். ஆறு நிமிட ஓட்டத்தில் ஓடும் தூரம் குறைந்து, எடைக் குறியீடு கூடியிருந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்தில் 10, 11 வயதுப் பிள்ளைகளின் இடுப்பில் கருவி கட்டிப் பார்த்தபோது, 2021 கடைசியில், எல்லாம் திறந்த பிறகும், மூச்சிரைக்கும் அளவு அசைவு ஒரு நாளைக்கு 56 நிமிடத்திலிருந்து 48 நிமிடமாக இறங்கியிருந்தது. 2022 நடுவில்தான் பழைய அளவுக்குத் திரும்பியது. உலக சுகாதார அமைப்பு 5 முதல் 17 வயதுக்குச் சொல்வது தினமும் சராசரி 60 நிமிடம்.

அவர்களுக்கு இரண்டு மாதம், அதற்கே பத்து வருடம். நமக்குப் பதினேழிலிருந்து இருபது மாதம். நம்மிடம் அந்த மாதிரி வருடாவருடம் தொடர்ந்த அளவு இல்லை. கேலோ இந்தியா மதிப்பீடு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, ஆரம்பித்த கையோடு பள்ளியும் மூடியது. தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது, அங்கே யார் அளப்பது?

மூச்சு ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்று ஒரு அப்பா கேட்டார், அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஓடுவதை நிறுத்திய இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைய ஆரம்பிக்கும், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் அளவு குறையும், அதைச் சரிக்கட்ட அதிகம் துடிக்க வேண்டியிருக்கும். தசை ஆக்சிஜனை வாங்கிப் பயன்படுத்தும் திறன் அடுத்து இறங்கும். 1966ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி அளந்தபோது, முப்பது வருட வயது ஏறியதில் குறைந்த மூச்சுத்திறனைவிட அந்த மூன்று வாரப் படுக்கையில் குறைந்தது அதிகம் என்று தெரிந்தது. நல்ல பக்கமும் அதிலேயே இருக்கிறது, பயிற்சி கொடுத்ததும் மீண்டது. பிள்ளைகள் உடம்பு இன்னும் சீக்கிரம் மீளும், விட்டால்.

மீட்ட விதம்

2022 பிப்ரவரியில் எல்லாரும் திரும்பியதும் சில பள்ளிகளில் குறுவட்டப் போட்டியை நினைத்து நேராகப் பழைய பயிற்சியில் இறக்கிவிட்டார்கள். அடுத்த மாதமே முழங்கால் சிப்பிக்குக் கீழே புடைத்து வலி, குதிகால் வலி என்று பிள்ளைகள் நொண்ட ஆரம்பித்தார்கள். வளரும் வயதில் தசைநார் எலும்பில் ஒட்டும் இடம் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், திடீரென்று குதிக்கவும் ஓடவும் விட்டால் அந்த இடம்தான் முதலில் அழும்.

நான் கிளித்தட்டிலிருந்து ஆரம்பித்தேன். தரையில் கோடு கிழித்தால் போதும், பந்து வேண்டாம், நெட் வேண்டாம், ஒரு ரூபாய் செலவில்லை. கோட்டைத் தாண்ட வெடுக்கென்று ஓடி, நின்று, மறிக்கிறவளை ஏமாற்றி, மறுபடி ஓட வேண்டும். வேக ஓட்டமும் ஓய்வும் மாறி மாறி வருகிற பயிற்சியை ஆங்கிலப் புத்தகத்தில் பெரிய பெயர் வைத்துச் சொல்வார்கள், நம் பாட்டிமார் அதைக் கோடு கிழித்து ஆடினார்கள். அதில் மூச்சு கொஞ்சம் கட்டுப்பட்டதும் நூறு மீட்டர் ஓட்டம், நூறு மீட்டர் நடை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடையைக் குறைத்தேன். வெயில் ஏறினால் விட்டுவிடுவேன், மார்ச்சுக்கு மேல் எங்கள் மணலில் பத்து மணிக்கு வெறுங்காலை வைக்க முடியாது.

உண்மையான வேலை மைதானத்துக்கு வெளியே இருந்தது. பெண் பிள்ளைகள் வராததற்குக் காரணம் கேட்டால் "தலைவலி சார்" என்பார்கள். அதை ஆண் வாத்தியாரான என்னிடம் இதற்கு மேல் சொல்ல மாட்டார்கள், தமிழ் டீச்சர்தான் கேட்டுச் சொன்னார்: சீருடையோடு ஓட வெட்கமாக இருக்கிறது, உள்ளாடை சரியில்லை, அந்த மூன்று நாளில் மைதானத்துக்கு வந்தால் மாற்றுவதற்கு இடமில்லை, கழிப்பறையில் தண்ணீர் வராது. உடற்தகுதி என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த விஷயம் கடைசியில் ஒரு குழாயில் வந்து நின்றது. குழாயைச் சரிசெய்தோம். தளர்வான டி-சர்ட்டும் பேண்ட்டும் போட்டுக்கொள்ளத் தலைமையாசிரியர் அனுமதித்தார். டீச்சர் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போய், சாயங்காலம் ஒரு மணி நேரம், மைதானத்தை விட்டு வெளியே போக மாட்டார்கள், நானும் இருப்பேன் என்று அம்மாக்களிடம் பேசினார். அப்பாக்களிடம் பேசுவதைவிட இது வேகமாக வேலை செய்தது. பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேரை இன்றுவரை நான் மைதானத்தில் பார்க்கவில்லை.

கபடிக்காரி வந்தாள். இரும்புச்சத்து மாத்திரையும் தொடர்ந்து சாப்பிட்டாள், டீச்சர் விடவில்லை. பத்தாம் வகுப்பு ஆரம்பத்தில் 600 மீட்டரை மறுபடி நிற்காமல் ஓடினாள், பழைய நேரத்தை நெருங்கினாள், தாண்டவில்லை. உடம்பைப் பொறுத்தவரை அது போதுமான மீட்சி என்றுதான் சொல்வேன். ஆனால் போட்டிக்கு அணி சேரவில்லை. அவளோடு ஏழாவதில் ஆடியவர்களில் சிலர் பள்ளிக்கே திரும்பவில்லை, ஒருத்திக்குக் கல்யாணமே ஆகியிருந்தது, இன்னும் சிலருக்குப் பொதுத்தேர்வு என்று வீட்டில் தடை. கபடிக்கு ஏழு பேர் வேண்டும், தேறவில்லை. தனியாகத் தடகளத்துக்காவது அனுப்பலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா நல்ல மனுஷன், டீ கொடுத்து, "உங்க கண்ணு முன்னாடி ஓடட்டும் சார், வெளியூருக்கெல்லாம் வேணாம்" என்றார். அடைப்புக்கு முன் இதே அப்பா அவளைக் குறுவட்டப் போட்டிக்கு பஸ் ஏற்றி அனுப்பியவர். மகள் வளர்ந்துவிட்டாள் என்பது ஒரு காரணம், சரி. வருடா வருடம் போய்க்கொண்டிருந்தால் அந்தப் பழக்கத்திலேயே இந்த வருடமும் போயிருப்பாள் என்பது என் கணிப்பு. நடுவில் ஒன்றரை வருடம் விட்டுப்போனதில் "போகாமல் இருப்பது" பழக்கமாகிவிட்டது. இதை அளக்க என்னிடம் பெட்டி இல்லை.

தம்பிக்கு நீட்டி மடக்கும் பயிற்சிதான் கொடுத்தேன், சலித்துக்கொண்டே செய்தான். பத்தாவது முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருக்கிறான், லீவில் கடலுக்குப் போகிறான்.

பாக்கி இருப்பது

இன்னொரு கூட்டம் இருக்கிறது, யாரும் கணக்கில் எடுக்காதது. 2021 நவம்பரில் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள். அங்கன்வாடியும் மூடிக் கிடந்ததால் மூன்று, நான்கு வயதில் ஒரு கூட்டத்தோடு ஓடிப் பிடித்து விழுந்து எழுந்த அனுபவமே இல்லாமல் வந்தவர்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளி டீச்சர் கூப்பிட்டார் என்று போய்ப் பார்த்தேன். நொண்டி அடிக்கச் சொன்னால் பலருக்கு ஒற்றைக் காலில் நிற்கவே வரவில்லை, இரண்டு எட்டு வைத்ததும் கால் ஊன்றினார்கள். படியிலிருந்து குதிக்கச் சொன்னால் உட்கார்ந்து இறங்கினார்கள். கடற்கரையில் வீடு இருந்த பிள்ளைகள் பரவாயில்லை. உள்ளே தள்ளி, மெயின் ரோட்டோரம் காலனி வீட்டுப் பிள்ளைகள் ரொம்பத் தடுமாறினார்கள். அவர்களுக்குக் கேலோ இந்தியா சொல்வது ஒற்றைக் காலில் நிற்கும் சோதனையும் இரண்டு வட்டங்களைக் கையால் மாறி மாறித் தட்டும் சோதனையும்தான். ஆனால் 2020க்கு முன் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு யாரும் அளவெடுத்து வைக்கவில்லை, ஒப்பிட ஒன்றும் இல்லை. அதனால் அடைப்பால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

அந்த வகுப்பு இப்போது ஐந்தாவது படிக்கிறது, வரும் ஜூனில் ஆறாவதுக்கு என்னிடம் வருகிறது. முதல் வாரத்திலேயே 50 மீட்டரும் 600 மீட்டரும் பெட்டியும் வைத்து அளந்துவிடுவேன், 2020ல் எடுத்த ஆறாம் வகுப்பின் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், பெண் பிள்ளைகளுக்குத் தனியாக, கடற்கரைத் தெரு, காலனி என்று வீட்டு இடத்தையும் குறித்து. பக்கத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் இருந்தால், அடைப்புக்கு முந்தைய நோட்டு அலமாரியில் எங்காவது கிடந்தால், அதே சோதனைகளை அதே வாரத்தில் எடுங்கள். சுண்ணாம்பும் ஸ்டாப்வாட்சும் போதும், பெட்டி வேண்டுமென்றால் ஆசாரியின் நம்பர் தருகிறேன்.